ஒரே பெயர், வேறு ஆள்: கிரேக்கப் புராணத்தின் சிறு பாத்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கக் கதைகளைப் படிக்கத் தொடங்கிய யாரும் சீக்கிரமே ஒரு சிக்கலில் மாட்டுவார்கள். கிளாக்கஸ் என்று ஒருவன் போன அத்தியாயத்தில் இறந்திருப்பான், இந்த அத்தியாயத்தில் மீன் பிடித்துக்கொண்டிருப்பான். ஜீயஸ், அக்கிலீஸ் போன்ற பெரிய ஆட்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் இல்லை. ஓரமாக வந்து போகிறவர்களுக்குத்தான். ஒரு வரி, இரண்டு வரி மட்டுமே கிடைத்த அவர்களை ஒருவரோடு ஒருவர் குழப்பிவிட்டால், இருந்த அந்த இரண்டு வரியும் அவர்களிடமிருந்து போய்விடுகிறது. அதனால்தான் இந்தப் பக்கம்.

ஒரே பெயர் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது?

முதல் காரணம், இவை ஒரே ஆசிரியர் எழுதிய கதைகள் இல்லை. தீப்ஸ், ஆர்கோஸ், ஏதென்ஸ், கிரீட் என்று ஒவ்வோர் ஊருக்கும் தனி அரச வம்சம், தனி வீரர்கள், தனி நதிக் கன்னிகள் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே வம்சாவளியாகத் தொகுத்தபோது, வேறு வேறு ஊர்களில் பிறந்த ஒரே பெயர்க்காரர்கள் அடுத்தடுத்து வந்து நின்றார்கள்.

அடுத்தது, இவற்றில் பல மக்களிடம் உண்மையாகவே புழங்கிய பெயர்கள். பைலாஸ், நோசோஸ் அரண்மனைகளில் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டினார். அவற்றில் அக்கிலீஸ், ஹெக்டர் என்ற பெயர்கள் சாதாரண ஆட்களின் பெயர்களாக இருக்கின்றன. அந்தப் பலகைகள், இலியட், ஒடிசி காவியங்களைப் பாடியவராகச் சொல்லப்படும் ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் கிரேக்கர்களிடம் இருந்தது. அது கதைக்குள்ளும் வந்துவிட்டது.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. டிராய்ப் போரைச் சொல்லும் இலியட் வாய்மொழியாகப் பாடப்பட்ட மரபிலிருந்து வந்தது. போர்க்களத்தில் ஒரு பெரிய வீரன் வரிசையாக ஆட்களை வீழ்த்தும்போது பாடுகிறவருக்கு உடனடியாகப் பெயர்கள் வேண்டும், அவை சந்தத்திலும் உட்கார வேண்டும். பதினாறாம் காண்டத்தில் அக்கிலீஸின் நண்பன் பேட்ரோக்ளஸ் மளமளவென்று ஒன்பது டிராய் வீரர்களைச் சாய்க்கிறான். அந்தப் பட்டியலில் உள்ள அட்ரஸ்டஸ், ஆட்டோனஸ், மெலனிப்பஸ், மூலியஸ், பைலார்டிஸ் என்ற ஐந்து பெயர்களும் அதே காவியத்தில் வேறு இடங்களிலும் வருகின்றன. ஆட்டோனஸ் என்ற பெயரில் ஹெக்டர் கையால் செத்த கிரேக்கன் ஒருவனும் உண்டு. மெலனிப்பஸ் என்று டிராய்ப் பக்கம் மட்டும் மூன்று பேர் சாகிறார்கள். முதல்வனை டியூசர் கொல்கிறான், இரண்டாமவனை ஆன்டிலோகஸ், மூன்றாமவனை பேட்ரோக்ளஸ். பாடகரின் நாவில் தயாராக இருந்த பெயர்கள் இவை.

இலியட்டில் செத்துப்போன ஓர் அரசர் மறுபடியும் நடந்து வருகிறார். நான் தவறாகப் படித்தேனா?

இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அவர் பைலமெனீஸ். டிராய்க்கு உதவ வந்த பாஃப்லகோனியர்களின் தலைவர். ஐந்தாம் காண்டத்தில் கிரேக்கப் பக்கத்து மெனலாஸ் அவரை ஈட்டியால் குத்திக் கொல்கிறார். பதின்மூன்றாம் காண்டத்தில் பைலமெனீஸின் மகன் ஹார்பாலியன் அதே மெனலாஸின் கேடயத்தைக் குத்திவிட்டுப் பின்வாங்கும்போது மெரியோனிஸ் விட்ட அம்பு பட்டுச் சாகிறான். பாஃப்லகோனியர்கள் உடலைத் தேரில் ஏற்றி நகருக்குக் கொண்டுபோகிறார்கள். கூடவே தந்தை அழுதுகொண்டே போகிறார். மகன் சாவுக்கு ஈடு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வேறு.

இது பழங்கால அலெக்சாந்திரியாவின் அறிஞர்களையே உறுத்தியது. பைலமெனீஸ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று சொல்லிச் சிலர் சமாளித்தார்கள். இன்னும் சிலர் அந்த வரியில் ஒரு சின்ன 'இல்லை' சேர்த்து, 'தந்தை கூடப் போகவில்லை' என்று திருத்திப் பார்த்தார்கள்.

என் கருத்து: இங்கே இரண்டு பைலமெனீஸ்களைத் தேட வேண்டாம். அந்தக் காட்சிக்கு அழும் தகப்பன் தேவைப்பட்டான், பாடகர் அவனைக் கொண்டுவந்தார். எண்ணூறு வரிக்கு ஒரு முறை எழுந்து கணக்குப் பார்க்கும் கேட்போர் கூட்டம் அங்கே இருந்திருக்காது. அந்தத் துக்கம் உண்மையானது. 'இல்லை' சேர்த்தவர்கள் கணக்கைச் சரிசெய்து காட்சியைக் கெடுத்தார்கள்.

கிளைமெனி என்பவள் யார்? ஒவ்வொரு நூலும் ஒவ்வொன்று சொல்கிறது.

இந்த ஒரு பெயரை மட்டும் பொறுமையாகப் பிரித்துப் பழகிவிட்டால் மற்றவை சுலபம். பெயரின் பொருள் 'புகழ் பெற்றவள்'. யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள்.

பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோடின் தெய்வ வம்சாவளியில் கிளைமெனி பெருங்கடலான ஓசியானஸின் மகள். இயாபிட்டஸின் மனைவி. அட்லஸ், பிரமீதியஸ், எபிமீதியஸ் எல்லாரும் இவள் பிள்ளைகள். அப்பொல்லோடோரஸ் பெயரில் வரும் தொகுப்பு நூல் அந்தத் தாயின் இடத்தில் ஆசியா என்பவளை வைக்கிறது. ஆக, ஒரே தாய்க்கு இரண்டு பெயர் என்ற எதிர்ச் சிக்கலும் இங்கேயே இருக்கிறது.

சூரியனுடைய தேரை ஓட்டப் பிடிவாதம் பிடித்து விழுந்து செத்த ஃபேதானின் தாயும் கிளைமெனிதான். அவளும் கடலின் மகள், எத்தியோப்பிய அரசர் மெரோப்ஸின் மனைவி. தகப்பன் ஒருவரே என்பதால் இருவரும் ஒருத்திதான் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் பிரமீதியஸின் கதையும் ஃபேதானின் கதையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எனவே நான் தனித்தனியாகவே வைப்பேன்.

இலியட்டில் ஹெலன் மதில்மேல் ஏறும்போது கூட வரும் பணிப்பெண்கள் இருவர். ஒருத்தி ஏத்ரா, மற்றவள் 'பசுக்கண்ணாள்' கிளைமெனி, அதாவது பசுவைப் போன்ற பெரிய கண்களை உடையவள். அதோடு சரி, அவளுக்கு வேறு வரி இல்லை. அதே காவியத்தின் பதினெட்டாம் காண்டத்தில், பேட்ரோக்ளஸ் இறந்ததற்காக அக்கிலீஸ் கதறுவதைக் கேட்டு அவன் தாய் தீட்டிஸுடன் சேர்ந்து அழும் கடற்கன்னியரில் ஒருத்தியும் கிளைமெனி. ஒடிசியஸ் போர் முடிந்து வீடு திரும்பும் கதையான ஒடிசியில் அவர் பாதாள உலகில் பார்க்கும் பெண்களின் வரிசையிலும் ஒரு கிளைமெனி நிற்கிறாள். வேட்டைக்காரி அடலான்டாவின் தாயாக அப்பொல்லோடோரஸ் சொல்வது மினியாஸின் மகளான கிளைமெனியை.

இவர்களில் என் மனம் நிற்பது கிரீட்டின் கிளைமெனியிடம். இவள் கிரீட் அரசர் மைனோஸின் பேத்தி, கேட்ரியஸின் மகள். தன் பிள்ளைகளில் ஒருவர் கையால் தனக்குச் சாவு என்று கேட்ரியஸுக்கு ஒரு குறி சொல்லப்பட்டது. அதனால் அவர் ஏரோபி, கிளைமெனி என்ற இரண்டு மகள்களையும் நாப்ளியஸ் என்ற கடலோடியிடம் கொடுத்து, தூரதேசத்தில் விற்றுவிடச் சொன்னார். நாப்ளியஸ் கிளைமெனியைத் தானே மணந்துகொண்டார். ஏரோபி ஆர்கோஸ் பக்கம் போய் அகமெம்னானுக்கும் மெனலாஸுக்கும் தாயானாள். கிளைமெனிக்குப் பிறந்தவர் பலமீடிஸ். டிராய் முகாமில் ஒடிசியஸ் சூழ்ச்சி செய்து, துரோகி என்று பழிபோட்டு, கல்லெறிந்து கொல்லவைத்த அதே பலமீடிஸ். அதாவது அகமெம்னான் கண்முன்னால் செத்தது அவருடைய சொந்தப் பெரியம்மா–சித்தி வழிச் சகோதரன். பழிக்குப் பழியாக நாப்ளியஸ் யூபியா தீவின் காஃபெரியஸ் முனையில் பொய் விளக்கு ஏற்றித் திரும்பிவந்த கிரேக்கக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டார். இத்தனைக்கும் நடுவில் இருப்பது தகப்பனே விற்கச் சொன்ன ஒரு பெண். அவளைப் பணிப்பெண் கிளைமெனியோடு ஒரே தலைப்பில் போட்டு இரண்டு வரியில் முடிக்கும் கைநூல்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கிளாக்கஸ்கள் எத்தனை பேர்?

முக்கியமாக நால்வர். இந்த நால்வரில் இருவர் ஒரே குடும்பம் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

சிசிஃபஸின் மகன் கிளாக்கஸ் குதிரைகளின் மேல் பித்துக்கொண்டவன். பீலியாஸ் அரசரின் இறுதிச் சடங்கு விளையாட்டுகளில் தேர்ப்பந்தயத்தின்போது சொந்தக் குதிரைகளே அவனைக் கடித்துக் கிழித்தன. கொரிந்துப் பூசந்தியின் பந்தயக் களத்தில் குதிரைகளை மிரட்டும் ஆவியாக அவன் இருப்பதாக மக்கள் நம்பினார்கள் என்று பழங்காலப் பயண எழுத்தாளர் பவுசனியாஸ் எழுதுகிறார். இவனுடைய மகன்தான் சிறகுக் குதிரை ஏறிய பெல்லரொஃபோன். பெல்லரொஃபோனின் மகன் ஹிப்போலோகஸ். அவருக்குப் பிறந்தவன் லிசியா நாட்டு கிளாக்கஸ். கொள்ளுத்தாத்தா பெயர் கொள்ளுப்பேரனுக்கு வந்திருக்கிறது. இலியட்டின் ஆறாம் காண்டத்தில் டயோமீடிஸிடம் இந்த வம்சாவளியை இவனே நின்று சொல்கிறான். தாத்தாக்கள் காலத்து நட்பு தெரிந்ததும் இருவரும் சண்டையை விட்டுக் கவசம் மாற்றிக்கொள்கிறார்கள். நூறு மாடு பெறும் தங்கக் கவசத்தை ஒன்பது மாடு பெறும் வெண்கலத்துக்குக் கொடுத்தவன் இவன்தான். பிறகு அக்கிலீஸின் உடலுக்காக நடந்த சண்டையில் அஜாக்ஸ் கையால் இறந்தான்.

மைனோஸின் மகன் கிளாக்கஸ் சிறு பிள்ளை. எலியைத் துரத்திப்போய்த் தேன் ஜாடிக்குள் விழுந்து செத்தான். பாலிடஸ் என்ற குறிசொல்பவரைப் பிள்ளையின் உடலோடு அறையில் அடைத்து, உயிரோடு தா என்றார் மைனோஸ். உள்ளே வந்த ஒரு பாம்பை பாலிடஸ் அடித்துக் கொன்றார். இன்னொரு பாம்பு ஒரு மூலிகையைக் கொண்டுவந்து செத்த பாம்பை எழுப்பியது. அதே மூலிகையால் பையனும் எழுந்தான். பிறகு பையனுக்குக் குறிசொல்லும் வித்தையைக் கற்றுக்கொடு என்று மைனோஸ் வற்புறுத்தினார். பாலிடஸ் கற்றுக்கொடுத்தார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன் வாயில் துப்பச் சொன்னார். பையன் துப்பினான், கற்றதெல்லாம் மறந்துபோனது.

நான்காமவன் போயோட்டியாவின் ஆன்தெடோன் ஊர் மீனவன். பிடித்த மீன்கள் ஒரு புல்லின்மேல் பட்டதும் உயிர்பெற்றுக் கடலுக்குள் துள்ளின. அதைத் தின்று பார்த்தவன் கடல் தெய்வமானான்.

மூலிகையால் உயிர் திரும்புவது கடைசி இருவருக்கும் பொது. ஒரே பெயர்க்காரர்களிடையே கதைத் துணுக்குகள் தாவியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எஸ்கிலஸ் இந்தப் பெயரில் இரண்டு நாடகங்கள் எழுதினார். ஒன்று குதிரைக்காரனைப் பற்றி, மற்றது கடல்காரனைப் பற்றி. இரண்டும் அழிந்துவிட்டன. முதல் நாடகம் கி.மு. 472இல் 'பாரசீகர்கள்' நாடகத்தோடு மேடையேறியது. பழைய நூல்கள் 'கிளாக்கஸ் நாடகத்தில்' என்று மட்டும் சொல்லி மேற்கோள் காட்டும்போது, எந்த நாடகம் என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கு இன்றும் பெரும்பாடு.

ஸ்கில்லா அரக்கியா, இளவரசியா?

இருவர். ஒருத்தி கடல் இடுக்கில் ஆறு தலைகளோடு மாலுமிகளைப் பிடித்துத் தின்பவள். லத்தீன் கவிஞர் ஓவிட் சொல்வதுபடி, மேலே சொன்ன மீனவன் கிளாக்கஸ் காதலித்த அழகி அவள்தான். பொறாமை கொண்ட மந்திரக்காரி சர்சி குளிக்கும் நீரில் விஷம் கலந்து அவளை அப்படி ஆக்கினாள். மற்றவள் மெகாரா அரசர் நைசஸின் மகள். முற்றுகையிட வந்த மைனோஸின் மேல் ஆசைப்பட்டு, தகப்பன் உயிர் இருந்த ஊதாநிற மயிர்க்கற்றையை வெட்டிக்கொடுத்தவள்.

இவர்களைக் குழப்பியது இன்றைய வாசகர்கள் மட்டும் இல்லை. வர்ஜில் தன் ஆறாவது ஆயர் பாடலில், நைசஸின் மகள் ஸ்கில்லாவுக்கே இடுப்பில் குரைக்கும் மிருகங்களைக் கட்டிவிடுகிறார். அவ்வளவு படித்த கவிஞர் தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சிக்னஸ்களில் யார் அன்னமாக மாறியது?

அனேகமாக எல்லாருமே. அந்தப் பெயருக்கே அன்னம் என்றுதான் அர்த்தம், அதனால் கதை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. போசைடனின் மகன் சிக்னஸின் உடலில் ஆயுதம் ஏறாது, எனவே அக்கிலீஸ் தலைக்கவச வாரால் கழுத்தை நெரித்தார். லிகூரியாவின் சிக்னஸ் ஃபேதானுக்காக அழுதே மாறினான். ஈட்டோலியாவில் இன்னொருவன் மலையிலிருந்து குதித்தான். டெல்ஃபிக்குப் போகும் யாத்திரிகர்களைக் கொள்ளையடித்து ஹெராக்ளிஸிடம் செத்த ஏரிஸின் மகனை அடையாளம் காண்பது எளிது, அவன் கதைக்கு ஆயுதச் சண்டைதான் மையம்.

யூரிபேட்டிஸ் அகமெம்னானின் தூதனா, ஒடிசியஸின் தூதனா?

இரண்டு முகாமிலும் ஒருவன் இருக்கிறான். இலியட்டின் முதல் காண்டத்தில் டால்திபியஸோடு போய் அக்கிலீஸின் கூடாரத்திலிருந்து சிறைப்பெண் பிரிசெயிஸை அழைத்துவருகிறவன் அகமெம்னானின் ஆள். இரண்டாம் காண்டத்தில் ஒடிசியஸ் கழற்றி எறிந்த மேலாடையை எடுப்பவன் இதாகா நாட்டுக்காரன். ஒடிசியில் மாறுவேடத்தில் இருக்கும் ஒடிசியஸ் தன் மனைவி பெனலோபியிடம் இவனை வர்ணிக்கிறார்: கூன் விழுந்த தோள், கருத்த மேனி, சுருட்டை முடி. சிந்தனை ஒத்துப்போனதால் மற்றவர்களைவிட இவனை ஒடிசியஸ் அதிகம் மதித்தாராம். இவ்வளவு தெளிவான உருவம் ஹோமரில் பெரிய வீரர்களுக்கே அபூர்வம்.

ஒன்பதாம் காண்டத்தில்தான் சிக்கல். அக்கிலீஸைச் சமாதானப்படுத்தப் போகும் குழுவோடு யூரிபேட்டிஸ் போகிறான், எந்த யூரிபேட்டிஸ் என்று சொல்லவில்லை. இதாகாக்காரன்தான் என்பது என் எண்ணம். பெண்ணைப் பிடுங்கிக்கொண்டு போன அதே ஆளைச் சமாதானம் பேச அனுப்ப நெஸ்டர் போன்ற பெரியவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஒடிசியின் ஆன்டிஃபஸ் ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸிடம் செத்தவர்தானே, பிறகு எப்படி சபையில் உட்கார்ந்திருக்கிறார்?

அவர் வேறு ஆன்டிஃபஸ். குகையில் கடைசியாகத் தின்னப்பட்டவர் ஈஜிப்டியஸ் என்ற கிழவரின் மகன். பதினேழாம் காண்டத்தில் ஒடிசியஸின் மகன் டெலமக்கஸ் போய்ப் பக்கத்தில் அமர்வது, மென்டர், ஹாலிதெர்சிஸ் என்பவர்களோடு இருக்கும் குடும்ப நண்பரான ஆன்டிஃபஸிடம். இலியட்டில் இதே பெயரில் பிரையமின் மகன் ஒருவனும், கோஸ் தீவுத் தலைவன் ஒருவனும், மயோனியத் தலைவன் ஒருவனும் தனி.

கிரியோன், கிரியூசா என்ற பெயர்கள் மட்டும் ஏன் அரச குடும்பங்களிலேயே வருகின்றன?

கிரியோன் என்றால் ஆள்பவர், கிரியூசா அதன் பெண்பால். பெயர் மறந்துபோன அரசருக்கும் இளவரசிக்கும் கதை சொல்கிறவர்கள் இதைப் போட்டிருக்கிறார்கள். ஆன்டிகோனியைத் தண்டித்த கிரியோன் தீப்ஸ்காரர். மெடியாவின் விஷ ஆடையில் எரிந்த பெண்ணின் தகப்பன் கொரிந்துக்காரர். அந்தப் பெண்ணுக்கு கிளாசி என்றும் கிரியூசா என்றும் இரண்டு பெயர். டிராய் எரிந்த இரவில் காணாமல் போன ஈனியஸின் மனைவி வேறு கிரியூசா. அயோனின் தாயான ஏதென்ஸ் இளவரசி இன்னொருத்தி.

இரண்டு அஜாக்ஸ்களைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

அவர்கள் சிறு பாத்திரங்கள் இல்லை என்பதால் சுருக்கமாக. சலாமிஸின் பெரிய அஜாக்ஸ் டெலமானின் மகன், தன் வாளில் தானே விழுந்து இறந்தவர். லோக்ரிஸின் அஜாக்ஸ் ஆய்லியஸின் மகன். கசாண்ட்ராவை அத்தீனாவின் சந்நிதியிலிருந்து இழுத்தவன். போசைடன் பாறையைப் பிளந்து கடலில் மூழ்கடித்தது இவனைத்தான். ஹோமர் 'அஜாக்ஸ் இருவர்' என்று இருமை வடிவில் (இருவரை மட்டும் குறிக்கும் இலக்கண வடிவம்) சொல்லும் சில இடங்களில், முதலில் குறிக்கப்பட்டது பெரிய அஜாக்ஸும் அவர் தம்பி டியூசரும்தான் என்று மொழியியலாளர் யாக்கோப் வாக்கர்நாகல் காட்டினார். பழைய இலக்கண வடிவத்தின் பொருள் மறந்ததால் பின்னவர்கள் லோக்ரிஸ்காரனை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம்.

முரண்பாடு வந்தால் ஒருவரை இருவராக்குவது பழங்காலத்திலும் உண்டா?

நிறைய. நாக்சஸ் தீவில் மைனோஸின் மகள் அரியாட்னிக்கு இரண்டு முடிவுகள் சொல்லப்பட்டன. டயோனைசஸ் தெய்வத்தை மணந்து மகிழ்ந்தாள் என்று ஒன்று, தீசியஸ் கைவிட்டு அங்கேயே இறந்தாள் என்று இன்னொன்று. தீவுக்காரர்களில் சிலர் இரண்டு மைனோஸ், இரண்டு அரியாட்னி என்று பிரித்துவிட்டதாக புளூடார்க் எழுதுகிறார். இரண்டாமவளோடு வந்த செவிலி கார்சினியின் கல்லறையைக்கூடக் காட்டினார்களாம். முதல் அரியாட்னியின் விழா ஆட்டமும் பாட்டும், இரண்டாமவளுக்குத் துக்கச் சடங்கு. இங்கே பிரித்தது படிப்பாளிகளின் சமாளிப்பு மட்டும் இல்லை, இரண்டு வகையான வழிபாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதனால் இந்தப் பிரிப்பை நான் மதிக்கிறேன். தெய்வங்களையும் விடவில்லை: ஹெரோடோட்டஸ் இரண்டு ஹெராக்ளிஸ் என்றார், சிசரோ ஆறு வரை எண்ணிக் காட்டினார்.

சரி, படிக்கும்போது எப்படிப் பிரித்துக்கொள்வது?

தகப்பன் பெயரைப் பாருங்கள். கிரேக்கர்களே அப்படித்தான் பிரித்தார்கள், 'டெலமானின் மகன்', 'ஆய்லியஸின் மகன்' என்று. தகப்பன் பெயர் இல்லை என்றால் ஊர். அதுவும் இல்லை என்றால் சாவு: யார் கையால், எங்கே. பெண்களுக்குப் பல நேரம் பிள்ளைகளின் பெயர்தான் ஒரே தடயம். மூன்றுமே பொருந்தாதபோது ஒன்றாக்காதீர்கள், தனியாகவே குறித்துவையுங்கள். அடலான்டாவைப் போன்ற சிலரிடம் இதுவும் உதவாது. ஆர்கேடியாவில் இயாசஸின் மகள், போயோட்டியாவில் ஸ்கீனியஸின் மகள், ஆனால் ஓட்டமும் வேட்டையும் இருவருக்கும் ஒன்றே. இது ஒரே பெண்ணை இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடியது என்றே படுகிறது.

தமிழில் தேடும்போது இன்னும் குழப்பமாக இருக்கிறதே?

ஆமாம், இரண்டு பக்கமும் இடிக்கிறது. அஜாக்ஸ், அயாஸ், ஐயாஸ் மூன்றும் ஒரே ஆள். ஒன்று லத்தீன் வழி, மற்றவை கிரேக்க வழி. ஜீயஸின் தகப்பனும் காலத்தின் உருவகமும் கிரேக்கத்தில் வேறு வேறு எழுத்தில் தொடங்கும் பெயர்கள், தமிழில் இரண்டும் குரோனோஸ் ஆகிவிடுகின்றன. எழுதுகிறவர்கள் முதல் முறை பெயர் வரும் இடத்தில் 'கேட்ரியஸின் மகள் கிளைமெனி' என்று ஒரு சொல் கூட்டி எழுதினால் போதும், வாசகருக்குப் பெரிய உதவி.

சிறுகோள்களுக்கும் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவே, அவை யாரைக் குறிக்கின்றன?

பல நேரம் பெயர் மட்டும்தான். 104 என்ற எண்ணுள்ள சிறுகோளின் பெயர் கிளைமெனி. பண்டோரா என்ற பெயரில் 55ஆம் எண் சிறுகோளும் உண்டு, சனியின் துணைக்கோளும் உண்டு. புராணத்திலும் ஜாடியைத் திறந்த பண்டோரா தவிர டியூகாலியனின் மகளாக இன்னொரு பண்டோரா இருக்கிறாள். ஜீயஸுக்கு கிரேகஸ் என்ற மகனைப் பெற்றவள் அவள்.